அசையாத பொதி

பெரும்பாணாற்றுப்படையில் மிளகு ஏற்றிச் செல்லும் கழுதைகள் வருகின்றன. பலாமரத்தின் அடியில் காய்த்த பழங்களைப் போலத் திரண்ட மூட்டைகள் முதுகின் இருபுறமும் எடை ஒத்துக் கிடக்கின்றன. நெடுங்காலம் சுமந்ததால் அந்த முதுகில் ஆழமான தழும்பும் விழுந்திருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயந்திரவியல் எழுத உட்கார்ந்தவர் இல்லை. இருந்தாலும் பொதி சுமப்பதில் உள்ள இரண்டு அடிப்படைச் சிக்கல்களும் அவர் கண்ணில் பட்டுவிட்டன: இருபுறமும் எடை ஒத்திருக்க வேண்டும், உரசுகிற இடம் தேயும். லடாக்கின் சாங்பா மேய்ப்பர்களும் இதை அறிந்திருந்தார்கள். ட்சோ கர் ஏரிக்கரையில் அள்ளிய உப்பைச் சின்னச் சின்ன இரட்டைப் பைகளில் நிரப்பி, செம்மறியாடுகளின் முதுகில் போட்டு மலை தாண்டினார்கள். அந்த ஏரிக்குச் சற்றுத் தள்ளித்தான் இன்றைய மணாலி–லே நெடுஞ்சாலை செல்கிறது. கோடை வந்தால் அதில் ஓடும் பைக்குகளின் பின்னால் இருபுறமும் தொங்கும் பைகளுக்குச் சந்தையில் பல ஆயிரம் ரூபாய் விலை. வடிவம் என்னவோ ஆட்டின் முதுகில் கிடந்த அதே வடிவம்தான்.

நீண்ட பயணத்துக்குப் பை வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, எத்தனை லிட்டர் கொள்ளும் என்று. அடுத்த கேள்வி, மழைக்குத் தாங்குமா என்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் இரண்டுமே பையை ஒரு அலமாரியாக நினைத்துக் கேட்பவை. பைக்கின் மீது ஏறிய நொடியிலிருந்து பை அலமாரியாக இருப்பதை விட்டுவிட்டு, டயரையும் ஷாக் அப்சார்பரையும் போல வண்டியின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. வண்டி வளையும் விதத்தையும், குழியில் குதித்து அடங்கும் விதத்தையும், கீழே விழுந்து எழும் விதத்தையும் அதுவும் சேர்ந்து தீர்மானிக்கிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பைக்குள் இருக்கும் எடை வண்டியில் எந்த இடத்தில் உட்காரப் போகிறது, உட்கார்ந்த இடத்தில் அசையாமல் இருக்குமா என்பதே. மோசமான சாலைகளில் தனியாகச் செல்கிறவருக்கு அலுமினியப் பெட்டியைவிடத் துணிப்பை நல்லது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். ஆனால் அதன் மென்மை பயன்பட வேண்டியது வண்டி விழும்போது மட்டுமே. ஓடும்போது அது கல்லைப் போலக் கிடக்க வேண்டும். துணிப்பையை நல்லபடி தேர்ந்தெடுப்பது என்பது இந்த இரண்டையும் ஒரே பொருளில் பெறுவதுதான்.

ஒரு கணக்கோடு தொடங்கலாம். சென்னையில் உருவாகி இமயத்தின் பெயரைத் தாங்கி ஓடும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-ஐ எடுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1,510 மி.மீ., பெட்ரோலோடு சேர்த்து எடை 196 கிலோ. இதன் கேரியரில், பின் அச்சிலிருந்து 35 செ.மீ. பின்னால், 15 கிலோ மூட்டை ஒன்றைக் கட்டுகிறோம். சீசா பலகை எப்படி வேலை செய்யுமோ அப்படியே பின் அச்சு மையமாக நிற்க, மூட்டை முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். முன்சக்கரத்தின் மேலிருக்கும் எடை சுமார் மூன்றரைக் கிலோ குறையும். பின்சக்கரத்தின் மேல் பதினெட்டரைக் கிலோ ஏறும். அதே 15 கிலோவை இரண்டாகப் பிரித்து, பின் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால், ஓட்டுபவரின் தொடைக்குப் பின்புறம் இருபக்கமும் தொங்கவிட்டால் முன்சக்கரத்துக்கு மூன்று கிலோ கூடுதலாகக் கிடைக்கும். ஆறரைக் கிலோ வித்தியாசம். கேட்க அற்பமாகத் தோன்றுகிறது. ஓட்டுபவர் ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிட்டால் வரும் வித்தியாசத்தைவிடச் சற்றே அதிகம் என்று கேலி செய்யவும் இடமுண்டு.

அற்பமில்லாத பகுதி இனிமேல்தான் வருகிறது. ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பது அதன் எடையை மட்டும் பொறுத்ததில்லை. சுழலும் மையத்திலிருந்து அந்த எடை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். வண்டியின் எடைமையம் பின் அச்சுக்கு 70 செ.மீ. முன்னால் இருப்பதாகக் கொள்வோம். கேரியரில் கட்டிய மூட்டை அந்த மையத்திலிருந்து 105 செ.மீ. தள்ளி இருக்கிறது, பக்கவாட்டுப் பைகள் 40 செ.மீ. தள்ளி. எடை ஒன்றே. ஆனால் வண்டி இடம் வலமாகத் திரும்பும்போது கேரியர் மூட்டை கொடுக்கும் தடை பக்கவாட்டுப் பைகள் கொடுப்பதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. திரும்பத் தயங்குவது ஒரு தொல்லை. திரும்பத் தொடங்கியபின் நிற்கத் தயங்குவது அதைவிடப் பெரிய தொல்லை.

இந்த இரண்டாவது தொல்லைக்கு ஒரு வரலாறு உண்டு. 1971-இல் ராபின் ஷார்ப் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் பைக்கின் நிலைத்தன்மையைக் கணிதச் சமன்பாடுகளாக எழுதி ஆராய்ந்தார். ஓடும் பைக் மூன்று விதமாகத் தள்ளாடக்கூடும் என்று அவர் பிரித்துக் காட்டினார். மெல்லச் சாய்ந்து கவிழ்வது ஒன்று. ஹேண்டில்பார் மட்டும் வேகமாக நடுங்குவது இன்னொன்று. மூன்றாவது, முழு வண்டியும் மீன் நீந்துவதுபோல வால் ஆட்டிக்கொண்டு, வினாடிக்கு இரண்டு முதல் நான்கு முறை, இடமும் வலமுமாக அலைவது. வேகம் கூடக்கூட இந்த அலைவு தானாக அடங்கும் திறன் குறைகிறது. பின்புறத்தில் உயரத்தில் எடை ஏற்றினால் இன்னும் குறைகிறது. இத்தாலியின் ஜிவி நிறுவனம் தன் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மணிக்கு 120 கி.மீ. வேகம், 10 கிலோ சுமை என்று வரம்பு வைத்திருப்பது பெட்டி பிய்ந்துபோகும் என்ற பயத்தால் மட்டும் இல்லை. லே பயணம் என்றதும் எல்லோர் மனத்திலும் வருவது கணவாய்களும் கூழாங்கல் ஓடைகளும்தான். ஆனால் சென்னையிலிருந்து கிளம்புகிறவர் மூவாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமாக ஓட்டினால்தான் அங்கே போய்ச் சேர முடியும். அதில் பெரும்பகுதி நான்குவழிச் சாலை. வால் ஆடும் அபாயம் இருப்பது அங்கேதான்.

இப்போது அந்த மூட்டையை நாம் எதனால் கட்டினோம் என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் சைக்கிள் கேரியரில் பொருளைக் கட்டப் பழைய டியூப்தான். அதன் வாரிசு, இரு முனையிலும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு. மலிவு, எளிது, எங்கும் கிடைக்கும். ஆனால் கட்டுவதற்கு அதைவிடத் தவறான பொருளைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். இழுபடும் கயிறு என்பது ஒரு சுருள்வில். வில்லின் முனையில் எடை தொங்கினால் அதற்கென்று ஓர் ஆட்ட வேகம் வந்துவிடும். கயிற்றின் விறைப்பு மீட்டருக்கு 2,000 நியூட்டன் என்று வைத்தால், 10 கிலோ பை வினாடிக்கு இரண்டேகால் முறை ஆடும். மேலே சொன்ன வாலாட்டத்தின் எல்லைக்குள் அப்படியே போய் விழுகிற எண் அது. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைச் சரியான தருணத்தில் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. வண்டி பையைத் தள்ளும், பை வண்டியைத் தள்ளும். எலாஸ்டிக் கயிறு கழன்றால் அதில் தேங்கியிருக்கும் ஆற்றல் முழுவதும் கொக்கியின் முனையில் வெளிப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கண்ணில் பட்டுப் பார்வை போனவர்கள் உண்டு.

இழுபடாத பட்டையே வேண்டும். அதிலும் நைலான் பட்டைக்கும் பாலியெஸ்டர் பட்டைக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. நைலானின் மூலக்கூறுச் சங்கிலியில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. சாதாரணக் காற்றிலேயே அது தன் எடையில் 4 சதவீதம் அளவுக்கு ஈரத்தை வைத்திருக்கும். பாலியெஸ்டர் அதில் பத்தில் ஒரு பங்குதான். நனைந்த நைலான் இளகி நீளும். காலையில் இறுக்கிக் கட்டியது மதிய மழைக்குப் பின் தளர்ந்து கிடப்பதற்குக் கட்டியவரின் கை காரணமில்லை, இழையே காரணம். பக்கிளை நம்புவதைவிட உராய்வை நம்புவது மேல் என்றும் சொல்லலாம். திமிறும் காளையை ஒரே ஆள் பிடித்து நிறுத்த வேண்டுமென்றால் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றுகிறார். அந்தச் சுற்றுகளில் உராய்வு கூட்டலாக வளர்வதில்லை, பெருக்கலாக வளர்கிறது. உராய்வுக் கெழு 0.3 என்றால் ஒரு சுற்று பிடியை ஆறரை மடங்காக்கும், இரண்டு சுற்று நாற்பது மடங்குக்கும் மேலே கொண்டுபோகும். பட்டையைக் கேரியர் குழாயில் ஒருமுறை கூடுதலாகச் சுற்றிவிட்டுப் பிறகு பக்கிளில் கோப்பதற்கு ஐந்து வினாடிதான் ஆகும்.

இங்கே ஒரு நல்ல மறுப்பு எழும். பிரிட்டனின் டிரையம்ஃப் நிறுவனம் தன் பெரிய பயண வண்டிகளில் பக்கப் பெட்டிகளைச் சில டிகிரி ஆடும்படி வேண்டுமென்றே வடிவமைத்தது. இரு பெட்டிகளும் ஒரு தண்டால் இணைந்து, வண்டியின் அசைவிலிருந்து சற்றே விலகி மிதக்கும். அசைவு கெடுதல் என்றால் பெரிய நிறுவனம் ஒன்று அதை ஏன் காசு கொடுத்து உருவாக்குகிறது? வித்தியாசம், அந்த அசைவு அளந்து கொடுக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. எவ்வளவு ஆடலாம், எந்த வேகத்தில் ஆடலாம், எங்கே நிற்க வேண்டும் என்று சோதித்து வரம்பு வைத்திருக்கிறார்கள். எலாஸ்டிக் கயிற்றில் கட்டிய பையின் ஆட்டத்துக்கு வரம்பு வைத்தவர் யாருமில்லை. ஆட்டத்தைச் சரியாக அளந்து கொடுக்க முடியாதவர் ஆட்டமே இல்லாமல் செய்துவிடுவதுதான் பத்திரம்.

ஆட்டம் பையின் கட்டில் மட்டும் இருப்பதில்லை. பையின் வயிற்றுக்குள்ளும் இருக்கும். பாதி காலியான பையில் உள்ள பொருள் ஒவ்வொரு குழியிலும் எழும்பி விழும். அலுமினியப் பெட்டிக்காரர்கள் இதை நன்றாக அறிவார்கள்: சில நாள் மோசமான சாலையில் ஓடியபின் பெட்டிக்குள் இருக்கும் சட்டையெல்லாம் கருஞ்சாம்பல் நிறமாகியிருக்கும். பொருட்கள் உரசி உரசி அலுமினியத்தைப் பொடியாக்கித் தின்றிருக்கின்றன என்பதுதான் அதன் பொருள். துணிப்பைக்கு இந்த இடத்தில் ஒரு சலுகை உண்டு. சுவரையே உள்ளே இழுத்துப் பொருளின் மேல் அழுத்திவிட முடியும். பெட்டியால் அது இயலாது. ஆகவே பையைச் சுற்றி வெளிப்புறத்தில் இறுக்கும் பட்டைகள் இருக்கின்றனவா என்பது அதன் லிட்டர் கணக்கைவிட முக்கியமானது. அந்தக் கணக்கில் சிறியதையே வாங்குங்கள். பெரிய பை வாங்கியவர் அதைக் காலியாக வைத்திருப்பதில்லை; மூன்றாவது ஜீன்ஸ் உள்ளே வந்துவிடும்.

சுவரை உள்ளே இழுக்கும் அந்தச் சலுகை தவிர, இதுவரை சொன்னவை, நன்றாகக் கட்டினால் பெட்டிக்கும் பைக்கும் பொது. பை பெட்டியை வெல்லும் இடம் வேறு. 2004-இல் இவான் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கி நியூயார்க் வரை பைக்கில் சென்ற தொலைக்காட்சித் தொடர் வெளிவந்தபின், தூரப் பயணம் என்றாலே பக்கத்துக்கொரு அலுமினியப் பெட்டி என்ற படம் உலகத்தின் மனத்தில் பதிந்துவிட்டது. அந்தப் படத்துக்கு விலை எடையில் கட்ட வேண்டும். இரண்டு பெட்டியும் அவற்றைத் தாங்கும் சட்டமும் சேர்ந்து, ஒரு சட்டைகூட வைப்பதற்கு முன்பே, 15 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். துணிப்பை இணை ஒன்று அதில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். பெட்டி தட்டையான சுவர் கொண்டதால் வண்டியின் வளைவுகளோடு ஒட்டி உட்காராது. சைலன்சருக்கு வெளியே, ஹேண்டில்பாருக்குச் சமமாகவோ அதைவிட அகலமாகவோ நீட்டிக்கொண்டு நிற்கும். மீண்டும் அதே வர்க்கக் கணக்கு: பக்கவாட்டில் நடுக்கோட்டிலிருந்து 45 செ.மீ. தள்ளி இருக்கும் எடை, 30 செ.மீ. தள்ளி இருக்கும் அதே எடையைவிட, வண்டி சாய்வதற்கும் நிமிர்வதற்கும் இரண்டேகால் மடங்கு தடை கொடுக்கிறது. மணாலி–லே சாலையில் உள்ள கேட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் இந்தத் தடையைக் கையால் வெல்ல வேண்டும்.

மணலிலும் சேற்றிலும் வண்டி தடுமாறினால் கால் தானாகத் தரைக்குப் போகும். இயல்பான அனிச்சைச் செயல். கால் தரையில் ஊன்றி நிற்க, வண்டி முன்னே நகர்கிறது. ஊன்றிய காலுக்கு நேர் பின்னால் வந்து இடிப்பது பக்கப் பெட்டியின் விளிம்பு. வேகம் மணிக்கு 15 கி.மீ. இருந்தாலே, 200 கிலோ வண்டி ஓர் அலுமினிய விளிம்பால் ஆடுசதையை அழுத்தித் தரையோடு சேர்க்கும். கணுக்கால் முறிவுகளில் பல இப்படித்தான் நேர்கின்றன. மோதலில் உண்டாகும் விசையைத் தீர்மானிப்பது எதிர்ப்பொருள் எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கிறது என்பது. அலுமினியம் சில மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்கும். துணியும் அதற்குள் இருக்கும் துணிமணியும் பத்து செ.மீ. கொடுக்கும். அதே ஆற்றலை இருபது, முப்பது மடங்கு தூரத்தில் செலவழித்தால் விசையும் அந்த அளவுக்குக் குறைகிறது. வண்டி சாய்ந்து விழும்போதும் இதே கதை. பெட்டியின் மூலை ஒருமுறை மடங்கிவிட்டால் மூடி பொருந்தாது. மூடி பொருந்தாத பெட்டியில் மழையும் புழுதியும் விருந்தாளிகள். பை விழுந்தால் ஓரிடம் கிழியலாம். கிழிசலைத் தைக்க ஊசி, நூல், செருப்புத் தைப்பவரின் கைத்திறன் போதும். கன்னியாகுமரியிலிருந்து கீலாங் வரை அது கிடைக்காத ஊர் அரிது.

பெட்டியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைப்பது முறையாகாது. பெட்டி மாட்டிய வண்டி கீழே விழும்போது முழுவதும் படுத்துவிடாமல் பெட்டியின் மேல் சாய்ந்து நிற்கிறது. தூக்குவதற்கு அது உதவி. துணிப்பை வண்டி தரையோடு படுக்கும். தனியாளாக 200 கிலோவை நிமிர்த்த அதிக உழைப்பு வேண்டும். அதிலும் சாலை 5,000 மீட்டருக்கு மேலே இருந்தால் மூச்சு முட்டும். பைகளை நொடியில் கழற்றிவிட்டுத் தூக்கலாம் என்பதே இதற்கு என் பதில். நொடியில் கழற்ற முடியாத பையை வாங்காதீர்கள் என்பதும் அந்தப் பதிலுக்குள்ளேயே இருக்கிறது. திருட்டு பற்றிய மறுப்பு இன்னும் வலுவானது. பெட்டிக்குப் பூட்டு உண்டு, பைக்குக் கத்தி போதும். மெல்லிய அலுமினியப் பெட்டியின் பூட்டை ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பிவிடலாம் என்று சமாதானம் சொல்லலாம்தான், ஆனால் போகிறபோக்கில் கை வைப்பவனைப் பூட்டு தடுக்கும் என்பது உண்மை. நகரம் நகரமாகத் தங்கி, வண்டியைத் தெருவில் விட்டு ஊர் சுற்றப் போகிறவருக்குப் பெட்டிதான் சரி. அவருக்கு இந்த அத்தியாயத்தின் வாதம் பொருந்தாது.

துணி எதனால் ஆனது என்ற கேள்விக்கு விளம்பரங்கள் ஓர் எண்ணைக் காட்டும்: 1000 டெனியர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 1000 டெனியர் என்றால் 9 கி.மீ. நீள நூல் ஒரு கிலோ எடை இருக்கிறது, அவ்வளவே. அந்த எண் நூலின் தடிமனைச் சொல்கிறது, துணியின் வலிமையைச் சொல்வதில்லை. வாலஸ் கரோதர்ஸ் 1935-இல் டியூபான்ட் ஆய்வகத்தில் உருவாக்கிய நைலானும், சாதாரணப் பாலியெஸ்டரும் ஒரே டெனியரில் கிடைக்கும். உரசலைத் தாங்குவதில் நைலான் மேல். ஈரத்திலும் வெயிலிலும் நிலைமாறாமல் இருப்பதில் பாலியெஸ்டர் மேல். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் இரண்டு வாரப் பயணத்தில் அது பையை ஒன்றும் செய்துவிடாது. வருடம் முழுவதும் பையை வண்டியிலேயே விட்டு வைப்பவர்தான் கவலைப்பட வேண்டும். எல்லோரும் கவலைப்பட வேண்டியது சைலன்சரைப் பற்றி. நைலான் உருகுவது அதன் வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரி செல்சியஸில். பி.வி.சி. 80 டிகிரி அளவிலேயே இளகிவிடும். சூடான சைலன்சரோடு பை ஒட்டினால் அது பிழைக்காது. ஓடும்போது நடுவே பாயும் காற்று காப்பாற்றும். ஆகவே ஆபத்து வேகத்தில் இல்லை, போக்குவரத்து நெரிசலில் எஞ்சின் ஓடிக்கொண்டே நிற்பதில் இருக்கிறது. பைக்கும் சைலன்சருக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடும் இரண்டு விரல் இடைவெளியும், வண்டியில் ஆள் ஏறி ஷாக் அப்சார்பர் அமுங்கிய பிறகும், இருந்தாக வேண்டும்.

மழைக்கு வருவோம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் பையின் மேல் காற்று தரும் அழுத்தம் 3 செ.மீ. உயர நீரின் அழுத்தத்துக்குச் சமம். எந்தப் பூச்சுத் துணியும் அதைச் சிரமமில்லாமல் தாங்கும். ஆனால் அதே வேகத்தில் மோதும் ஒரு மழைத்துளி, நொடியின் மிகச் சிறிய பின்னத்துக்கு, 25 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்கு இணையான அழுத்தத்தைத் தரும். வீட்டு வாசலில் நனையாத பை நெடுஞ்சாலையில் நனைவதன் காரணம் இதுதான். துளி நுழையும் வழி பெரும்பாலும் துணி இல்லை, தையல். ஊசி குத்திய ஒவ்வோர் இடமும் ஒரு துளை. ஒரு தையல் 4 மி.மீ. என்றால் ஒரு மீட்டர் ஓரத்தில் 250 துளைகள். பி.வி.சி. பூசிய தார்ப்பாய் வகைப் பைகளைத் தைப்பதில்லை; 27.12 மெகாஹெர்ட்ஸ் மின்காந்த அலையை அதன்மேல் செலுத்தினால் பி.வி.சி.யின் மூலக்கூறுகள் அந்த அலையோடு சேர்ந்து திரும்பித் திரும்பிச் சூடேறி, இரு தாள்களும் ஒன்றாக உருகி ஒட்டிக்கொள்கின்றன. துளையே கிடையாது. வாயை மூன்று மடிப்பு சுருட்டி மூடினால் தண்ணீர் ஏறி வர வழியில்லை. ரெயின் கவர் என்று தனியாக வரும் உறையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எனக்கு மனமில்லை. காற்றில் படபடத்துக் கிழியும், புகுந்த நீரை அடியில் குளம்போல் தேக்கி வைக்கும்.

நீர் புகாத பைக்கும் மலையில் ஒரு சோதனை உண்டு. கொடைக்கானல் ஏறும் பேருந்தில் சிப்ஸ் பொட்டலம் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்போம். மணாலி 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லே செல்லும் வழியில் உச்சமான டங்லங் லா 5,328 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் பாதி. மணாலியில் இறுக்கி மூடிய பையில் சிக்கிய காற்று, வெப்பநிலை மாறாது என்று கொண்டால், அந்தக் கணவாயில் ஒன்றரை மடங்கு இடம் கேட்கும். பை பந்துபோல உப்பும், பட்டை வலிக்கும், சுருட்டிய வாய் மெல்லக் காற்றைக் கசியவிடும். இறங்கும்போது இதற்கு நேர் எதிர். உள்ளே அழுத்தம் குறைந்து, பட்டை தளர்ந்து, பை வெளிக்காற்றை உறிஞ்சப் பார்க்கும். அந்த நேரம் ஓடையில் நனைந்திருந்தால் காற்றோடு நீரும் வரும். ரப்பர் வளையம் வைத்த பெட்டியும் இதற்கு விலக்கில்லை. துணிப்பைக்கு மருந்து எளிது: மூடுமுன் மேலே முழங்காலை வைத்து அழுத்தி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிவிடுவது. காற்று இல்லையேல் உப்புவதற்கும் ஒன்றுமில்லை. பொருள் அசைவதற்கு இடமும் இல்லை என்பது உபரி லாபம். எது நனையவே கூடாதோ அதை உள்ளே தனியாக ஒரு நீர்புகாப் பையில் போடுவதும் நல்லது. உரசலைத் தாங்க ஓர் உறை, நீரைத் தடுக்க ஓர் உறை. ஒரே துணியிடம் இரண்டு வேலையையும் கேட்டால் இரண்டையும் அரைகுறையாகத்தான் செய்யும்.

கழுதையின் முதுகில் பார்த்த தழும்பு பைக்கில் விழும் இடம் எது என்று இனி ஊகிக்கலாம். பையும் வண்டியும் தொடும் இடத்தில் புழுதி நுழைகிறது. இமயச் சாலையின் புழுதியில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. பெயின்டைவிடவும் நைலானைவிடவும் பலமடங்கு கடினமானவை. பை ஒரு மி.மீ. ஆடினாலும் நடுவே ஓர் உப்புத்தாள் வேலை செய்துகொண்டே இருக்கும். வண்டியின் பக்கத்தில் ஒளிபுகும் ஒட்டுத்தாள் ஒட்டுவது பெயின்டைக் காக்கும். பையைக் காப்பது இறுக்கம் மட்டுமே. அசையாத இரண்டு பரப்புகளுக்கு நடுவே மணல் கிடந்தாலும் தேய்வதில்லை.

எடையை அடுக்கும்போது கருவிகள், டியூப், சங்கிலி எண்ணெய் போன்ற கனமானவை அடியிலும் முன்பக்கமும். ஸ்லீப்பிங் பேக், ஜாக்கெட் போன்ற லேசானவை மேலேயும் பின்னாலும். இருபுறமும் ஒரு வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள், கண்ணளவு போதாது. பெட்ரோல் கேன் பற்றி ஒரு சொல்: லே செல்லும் வழியில் தண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று மிரட்டிய பலகை புகழ் பெற்றது. அதைப் படித்துவிட்டுப் பத்து லிட்டர் கேனைக் கேரியரின் கடைக்கோடியில் கட்டுகிறவர்கள் ஏராளம். 17 லிட்டர் டாங்க் கொண்ட வண்டி லிட்டருக்கு 25 கி.மீ. கொடுத்தாலும் 425 கி.மீ. ஓடும். சுற்றுவழி எதுவும் போகாதவருக்கு அந்த ஏழரைக் கிலோ எரிபொருள், முன்சக்கரத்தைத் தூக்குவதைத் தவிர, எந்தப் பயனும் தராது.

பையைக் கட்டி முடித்ததும் அதன் மேற்பிடியை இரண்டு கையாலும் பற்றி வலுவாக உலுக்குங்கள். முழு வண்டியும் சேர்ந்து ஆடினால் கிளம்பலாம். பை மட்டும் ஆடினால் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து கட்டுங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் ஒரு டீக்கடையில் நிறுத்தி, டீ வருவதற்குள் இதை இன்னொரு முறை செய்து பாருங்கள்.